வேர் எந்தப் பக்கம்

என் தலையில் முடி கிடையாது. காதுக்கு மேலே இரண்டு பக்கமும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதுவும் போக்கிடம் இல்லாததால். ஆனால் எனக்குச் சோறு போடுவது முடிதான். கல்யாணத்துக்கு முன்பு மாமனாரை முதன்முதலாகச் சந்தித்தபோது, மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டார். "முடியை வச்சு ஆராய்ச்சி பண்றான்" என்று அப்பா பெருமையாகச் சொன்னார். மாமனார் என் தலையை ஒரு முறை பார்த்தார். அதற்குப் பிறகு வேலையைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஆராய்ச்சி தோல்வி என்று முடிவு கட்டியிருப்பார்.

ஆராய்ச்சி என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. ஒருவர் போதைப்பொருள் எடுத்திருக்கிறாரா என்று அவருடைய முடியை வைத்துச் சொல்வது எங்கள் ஆய்வகத்தின் வேலை. மனிதன் எதை விழுங்கினாலும் அது ரத்தத்தில் கலக்கும். ரத்தம் முடியின் வேருக்கும் போகும். அப்போது அங்கே வளர்ந்துகொண்டிருக்கும் முடிக்குள் அந்தப் பொருளில் துளியூண்டு மாட்டிக்கொள்ளும். ரத்தம் ஓரிரு நாளில் எல்லாவற்றையும் மறந்துவிடும், சிறுநீர் ஒரு வாரத்துக்குள். முடி மறக்காது. மாதம் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். ஆகவே தலையை ஒட்டிய சென்டிமீட்டர் போன மாதம், அதற்கடுத்தது அதற்கும் முந்தின மாதம். இப்படிப் பின்னோக்கிப் போய்க்கொண்டே இருக்கலாம், முடி இருக்கிறவர்களுக்கு.

வந்த முடியை முதலில் கழுவுவோம். பக்கத்தில் எவனோ ஊதிய புகை ஒட்டியிருந்தால் அதற்காக இவரைத் தூக்கில் போட முடியாதல்லவா, அதற்குத்தான். கழுவிய தண்ணீரையும் கொட்டாமல் சோதிப்போம். பிறகு காயவைத்து, சென்டிமீட்டர் சென்டிமீட்டராக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் தனிக் குப்பியில் இரும்புக் குண்டுகளோடு போட்டுக் குலுக்கினால் மாவாகிவிடும். மாவை வெதுவெதுப்பான கரைசலில் ஊறவைத்து, வடிகட்டி, பெரிய இயந்திரத்துக்குள் அனுப்புவோம். அது மூலக்கூறுகளைப் பிரித்து எடை போடும். போதைப்பொருளை மட்டும் தேடாது. உடம்பு அதை உடைத்து உண்டாக்கும் பொருளையும் தேடும். இரண்டும் இருந்தால், பொருள் வெளியிலிருந்து ஒட்டவில்லை, உள்ளே போய் வந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த இயந்திரத்தின் விலை என் வீட்டின் விலையை விட அதிகம். அதன் அறையில் எப்போதும் ஏசி ஓடும். என் வீட்டில் ஓடாது.

முடிக்குச் சொந்தக்காரர்களை நாங்கள் பார்ப்பதில்லை. பார்க்கவும் கூடாது. எங்களுக்கு வருவது அலுமினியத் தாளில் சுற்றிய ஒரு கற்றையும் ஒரு எண்ணும் மட்டும்தான். ஒரு நாள் டீ குடிக்கக் கீழே இறங்கிய நேரத்தில் வரவேற்பறையில் ஒருவர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். பஸ் ஓட்டுநர் சீருடை, தலையில் தொப்பி, கையில் எங்கள் ஆய்வக உறை.

"யாருங்க இதைப் பண்ணது? அவரை ஒரு தடவை பாக்கணும். அடிக்க மாட்டேன், பாக்கணும் அவ்வளவுதான்."

வரவேற்பறைப் பெண் என்னைப் பார்த்துக் கண்ணாலேயே "ஓடிடுங்க" என்றாள். வெள்ளைக் கோட்டோடு எங்கே ஓடுவது? அவர் திரும்பி என்னையும் என் தலையையும் பார்த்தார்.

"நீங்க இங்கதான் வேலையா சார்? டெஸ்ட் பண்ணி டெஸ்ட் பண்ணி உங்களோடதையும் எடுத்துட்டாங்களா?"

கோபத்திலும் நகைச்சுவை வருகிற மனிதரை எனக்குப் பிடித்துப்போகும். நின்றுவிட்டேன்.

"கேஸ் விஷயமா எங்ககிட்ட பேசக் கூடாதுங்க. மேலாளருக்கு எழுதிக் குடுங்க" என்றேன்.

"பேச வேணாம். பாருங்க போதும்" என்று தொப்பியைக் கழற்றினார். தோளைத் தொடுகிற அளவுக்கு முடி விழுந்தது. நேரான, கோடு போட்ட மாதிரி முடி. நாற்பதைத் தாண்டிய, கன்னம் ஒட்டிய முகத்துக்குக் கொஞ்சமும் பொருந்தவில்லை. "டிப்போல என்னை 'அக்கா'ன்னு கூப்பிடுறானுங்க சார். ஒரு வருஷத்துக்கு மேல இதைச் சகிச்சிக்கிட்டு வளத்தேன். ஒரு வருஷம் சுத்தமா இருந்தேன்னு முடியைக் காட்டி நிரூபிச்சா, என் பொண்ணு சனி ஞாயிறு என்கிட்ட வந்து தங்கலாம்னு நீதிபதி சொன்னாங்க. இப்போ வாரத்துல ஒரு மணி நேரம்தான், அதுவும் ஒரு ஆபீஸ் ரூம்ல, பக்கத்துல காவலுக்கு ஒரு அம்மா. அதுக்காகத்தான் வளத்தேன். நீங்க என்னடான்னா கடைசி மூணு மாசமா நான் மாத்திரை போடுறேன்னு எழுதியிருக்கீங்க."

தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார். கடைக்குப் போய் டீ வாங்கினேன். குடித்தது நினைவில்லை.

அந்த அறிக்கையைத் தயாரித்தது நான்தான். மேலே போய் வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். இரவு ஓட்டுநர்கள் தூக்கத்தை விரட்டப் போட்டுக்கொள்ளும் மாத்திரை. பழைய மாதங்கள் கிட்டத்தட்டத் தரையோடு தரையாக இருந்தன. கடைசி மூன்று மாதத்தில் மலை மாதிரி ஏறியிருந்தது. கணக்கில் தப்பில்லை, இயந்திரத்திலும் தப்பில்லை. இவர் பல மாதம் அடக்கி வாசித்துவிட்டு, விசாரணை நெருங்கும் நேரத்தில் வழுக்கிவிட்டார் என்றுதான் யாரும் சொல்வார்கள். நானும் சொல்லியிருந்தேன்.

ஆனால் ஒரு கேள்வி என்னை விடவில்லை. தன்னைக் காட்டிக்கொடுக்கப் போகிற சாட்சியை யாராவது தலையிலேயே வைத்து, எண்ணெய் தடவி, கேலி பொறுத்து வளர்ப்பார்களா? மூன்று மாதமாக மாத்திரை போடுகிறவன் முதல் வேலையாக மொட்டை அடித்துக்கொண்டு, "பேன் சார்" என்று வந்து நிற்பான். அப்படி நின்றவர்களைப் பற்றி நர்ஸ்கள் சொல்லி நிறையக் கேட்டிருக்கிறேன்.

எங்கள் மேலாளருக்குக் 'கையெழுத்து' என்று பெயர் வைத்திருந்தோம். அவர் செய்யும் ஒரே வேலை அது. அவரிடம் போய்ச் சொன்னேன்.

"என்னய்யா, புதுசா இருக்கே. மாட்டினவன் எவனாவது 'ஆமாங்க, சரியாக் கண்டுபிடிச்சீங்க'ன்னு சொல்லியிருக்கானா? எல்லாரும் இதையேதான் சொல்வாங்க" என்றார்.

"எல்லாரும் சொல்வாங்க சார். ஆனா எல்லாரும் முடி வளக்க மாட்டாங்க."

"உனக்கு முடி வளத்தவங்களைக் கண்டா பொறாமை" என்று சிரித்துவிட்டு அடுத்த தாளில் கையெழுத்துப் போட்டார்.

இருக்கைக்குத் திரும்பும்போது இன்னொன்று உறுத்தியது. நான் நறுக்கிய முடி நெளிநெளியாக இருந்ததாக நினைவு. கழுவ எடுத்தபோது அலை அலையாகப் பாத்திரத்தில் எழும்பி நின்றது, எரிச்சலோடு நேராக்கினேன். கீழே பார்த்ததோ கோடு போட்ட முடி. ஒரு நிமிடம், வேறு யாருடையதோ மாறி வந்துவிட்டதா என்றுகூட நினைத்தேன். முத்திரை, எண் எல்லாம் சரியாக இருந்தன. ஆள் மாறவில்லை என்றால் வேறு ஏதோ மாறியிருக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் என் மனைவியிடம், "ஒரு முடி குடேன்" என்றேன்.

"ஏங்க, ஆபீஸ்ல ஸ்டாக் தீந்துபோச்சா?"

"ஒண்ணே ஒண்ணு."

"உங்களுக்கு ஒண்ணோட நிக்குமா? ஆரம்பத்துல எல்லாரும் ஒண்ணுதான்னு சொல்வாங்க" என்றபடி ஒன்றைப் பிடுங்கிக் கொடுத்தாள்.

முடியின் மேல்புறம் மீன் மாதிரி செதில்களால் ஆனது. செதில்களின் வாய் எல்லாம் நுனியைப் பார்த்து இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். ஒரு முடியைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, நீளவாக்கில் முன்னும் பின்னும் தேய்த்தால், அது தானாக ஒரு பக்கமாக நகரும். எப்போதும் வேர் முன்னால் போகும். கல்லூரியில் படித்தது, அதற்குப் பிறகு தேவைப்படவில்லை. எந்தப் பக்கம் வேர் என்பதை எங்களுக்கு நூல் சொல்லிவிடும். முடியை வெட்டுகிற நர்ஸ்கள் வேர்ப்பக்கத்தில் நூல் கட்டித்தான் அனுப்புவார்கள். கட்டின பக்கம் வேர். எங்கள் தொழிலில் இதைச் சந்தேகப்படுவது, காலையில் எழுந்ததும் கிழக்கு எது என்று சந்தேகப்படுகிற மாதிரி.

மனைவியின் முடியைத் தேய்த்தேன். புழு மாதிரி ஊர்ந்தது.

"ஐயோ, அது உயிரோட இருக்கு!" என்று பின்வாங்கினாள். பிறகு ஆசை வந்துவிட்டது. அவளே இன்னொன்றைப் பிடுங்கித் தேய்த்தாள். திருப்பி வைத்துத் தேய்த்தாள். அது திரும்பி ஊர்ந்தது. குழம்பு ஆற ஆற இரண்டு பேரும் பந்தயம் விட்டோம். என்னிடம் சொந்தக் குதிரை இல்லாததால் எல்லாவற்றிலும் அவளே ஜெயித்தாள்.

"இதை எதுக்கு இன்னைக்குத் திடீர்னு?" என்று கேட்டாள்.

"ஒருத்தர் முடியை நான் தலைகீழாப் படிச்சிட்டேனோன்னு சந்தேகம்."

"படிச்சிருந்தா?"

"கடைசி மூணு மாசம்னு நான் எழுதினது அவரோட முதல் மூணு மாசமா இருக்கும்."

அவள் முடியைத் தட்டோரத்தில் வைத்தாள். "அப்போ இங்க உக்காந்து குதிரைப் பந்தயம் விடாதீங்க. காலைல முதல் வேலையா அதைப் பாருங்க."

எந்த மாதிரி வந்தாலும் பாதியைத் தனியாக முத்திரையிட்டு வைத்திருப்போம். மறுநாள் காலை சாட்சிக்கு ஒரு சக ஊழியரை நிறுத்திக்கொண்டு அதைப் பிரித்தேன். நூல் ஒரு முனையில் ஒழுங்காகக் கட்டியிருந்தது. நூல் இருந்த முனை எது என்று குறித்துக்கொண்டு ஒரு முடியை உருவி, விரல்களுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தேன். அது நூல் இல்லாத பக்கம் போனது. இன்னொன்று. அதுவும் அந்தப் பக்கமே. கையில் வியர்வை இருந்தால் சரியாக நகராது என்று துடைத்துவிட்டு மறுபடி செய்தேன். முடிக்கு என் வியர்வை பற்றிய கவலை இல்லை. பிடிவாதமாக அதே பக்கம் போனது.

நுண்ணோக்கியில் வைத்தேன். செதில்கள் அழகாக அடுக்கியிருந்தன. அவற்றின் வாய் எல்லாம் நூல் கட்டிய பக்கத்தைப் பார்த்துத் திறந்திருந்தது. நூல் கட்டியிருந்தது நுனியில்.

மாதிரிகளைப் பெற்று முத்திரை சரிபார்ப்பவரை நாங்கள் 'சீல் அக்கா' என்போம். அவரிடம் ஓடினேன்.

"அக்கா, இந்த நூல் நீங்க கட்டினதா, நர்ஸ் கட்டினதா?"

அவர் எண்ணைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "அட, இதுவா! இது மறக்குமா தம்பி? நூலே இல்ல. மஞ்சக் கலர் ரப்பர் பேண்டு போட்டு, அழகாப் பின்னி அனுப்பியிருந்தாங்க. நர்ஸுக்கு இவ்வளவு பொறுமையான்னு நினைச்சேன். ரப்பர் நம்ம டெஸ்டுக்கு ஆகாதில்ல? அதனால பேண்டை வெட்டிட்டு, அதே இடத்துல நூலைக் கட்டிட்டு, பின்னலைப் பிரிச்சு விட்டேன்." என் முகத்தைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது. "ஏன் தம்பி? கட்டின பக்கம்தானே வேரு?"

"பின்னலை எந்தப் பக்கம்க்கா கட்டுவாங்க?"

அவர் கை தானாகத் தன் பின்னலின் நுனிக்குப் போனது. பிறகு உட்கார்ந்துவிட்டார்.

மேலாளர் 'கையெழுத்து' நுண்ணோக்கியில் வெகுநேரம் கண்ணை வைத்துக்கொண்டிருந்தார். மூடி மறைக்கச் சொல்வார் என்று பயந்தேன். அவர் சொன்னது வேறு. "நான் இதுல கையெழுத்துப் போட்டேனே" என்றார் மெதுவாக. நகைச்சுவை எல்லாம் போய்விட்டிருந்தது. "கோர்ட்டுக்கு இன்னைக்கே சொல்லு. அறிக்கையைத் திரும்ப வாங்கிக்கிறோம். ஆனா இந்த முடியை நம்ப வேணாம். அந்த ஆளு தலைல இன்னும் இருக்கில்ல? புதுசா எடு. நம்ம கண் முன்னாடி எடு. நூலைக் கட்டிட்டு அப்புறம் வெட்டு."

ஓட்டுநர் மறுநாளே வந்தார். எங்கள் கிளினிக் அறையில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். கத்துவார் என்று எதிர்பார்த்து அரை அடி தள்ளியே நின்றிருந்தேன். அவர் கத்தவில்லை.

"பின்னலா..." என்றார். "அன்னைக்கு டெஸ்டுக்கு நேரா பொண்ணைப் பாத்துட்டுதான் வந்தேன் சார். அந்த ரூம்ல விளையாட்டுச் சாமான் எல்லாம் கைக்குழந்தைங்களுக்கு. கிலுகிலுப்பை, கட்டை. என் பொண்ணுக்கு ஒன்பது வயசு, அவ எதை வச்சு விளையாடுவா? என் தலையை வச்சுதான். உக்காரச் சொல்லிட்டு எலி வால் மாதிரி நிறையப் பின்னி விடுவா. அதோடயேதான் பஸ் ஓட்டுவேன், தொப்பிக்குள்ள. பிரிக்க மனசு வராது. நர்ஸம்மா அதுல ஒண்ணைப் பிடிச்சு, 'ரொம்ப வசதியாப் போச்சு'ன்னு அப்படியே வெட்டிட்டாங்க."

தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "சார், இது அவ போட்ட பின்னலாலதான்னு அவளுக்குத் தெரியக் கூடாது" என்றார்.

"அறிக்கைல திசை தவறா எடுத்துக்கிட்டோம்னு எழுதுவோம். தப்பு எங்களோடது. கட்டியிருந்தா வேருன்னு பாக்காமலே நம்பினது நாங்க."

உச்சந்தலைக்குப் பின்னால் பென்சில் தடிமனுக்கு ஒரு கற்றையைப் பிரித்து, தலையை ஒட்டி நூலைக் கட்டினேன். இரண்டு முடிச்சு போதும், நான்கு போட்டேன். கத்தரிக்கோலை எடுக்கும்போது அவர் கேட்டார்.

"ஒரு மாசம் முழுக்கப் போட்டாதான் தெரியுமா, இல்ல... ஒரு நாலு நாள் போட்டிருந்தாலும் தெரியுமா?"

கத்தரிக்கோல் என் கையிலேயே நின்றது. முதல் வரைபடத்தில் நடுவில் ஒரு சின்ன மேடு இருந்தது நினைவுக்கு வந்தது. பக்கத்தில் மலை இருந்ததால் அந்த மேட்டை யாரும் பொருட்படுத்தவில்லை. நடுவில் இருப்பதால், எந்தப் பக்கம் திருப்பிப் பிடித்தாலும் அது நடுவில்தான் இருக்கும்.

"தெரியலாம்" என்றேன்.

"அந்த ஒரு சென்டிமீட்டரை மட்டும் விட்டுட்டு மத்ததைப் பண்ண முடியாதா?"

விளையாட்டாகக் கேட்கிற மாதிரி கேட்டார். கழுத்து மட்டும் விறைத்திருந்தது.

"பல் வரிசைல ஒண்ணு இல்லாட்டி எல்லாரும் அதைத்தான் பாப்பாங்க. அதுவும் போக, அதை நான் பண்ணா முன்ன உங்களுக்குப் பண்ணது தப்புன்னு சொல்ற தகுதி எனக்கு இருக்காது."

"சும்மா கேட்டேன் சார்" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். வெட்டினேன்.

புது முடியைச் சீல் அக்கா இரண்டு முறை தேய்த்துப் பார்த்த பிறகுதான் உள்ளே அனுப்பினார். அப்போது முதல் அவர் எந்த முடியையும் தேய்க்காமல் விடுவதில்லை. மாதிரி வந்தால் முதலில் அது ஊர்கிற திசையைப் பார்த்து 'சமர்த்து' என்று சொல்கிறார்.

முடிவு வந்தது. நுனியில் மலை, அது அவர் விடுவதற்கு முந்தைய காலம். பிறகு சரிவு. நிறுத்தின பிறகும் சில முடிகள் வளராமல் தூங்கிக்கொண்டிருக்கும், ஆகவே சட்டென்று பூஜ்யமாகாது, மெல்லத்தான் இறங்கும். அப்படியே இறங்கியிருந்தது. வேர்ப்பக்கம் கடைசி ஆறு மாதமும் தரை. நடுவில் ஏழாவது துண்டில் அந்த மேடு. வரம்பைத் தொட்டதா தாண்டியதா என்று மறுபடி ஓட்டினேன், மூன்றாம் முறையும் ஓட்டினேன். மயிரிழையில் தாண்டியிருந்தது. இதைச் சொல்ல எனக்கு வேறு சொல் கிடைக்கவில்லை.

இரண்டு அறிக்கைகள் முரண்படுவதால் விளக்கம் சொல்ல என்னைக் கோர்ட்டுக்குக் கூப்பிட்டார்கள். குடும்ப வழக்குகளுக்கு என்று ஒரு சின்ன அறை. ஒரு நீள மேசை. அதன் தலைப்பக்கத்தில் நீதிபதி அம்மா. ஒரு பக்கம் ஓட்டுநர். எதிரே அவருடைய முன்னாள் மனைவி, அந்தச் சிறுமியின் அம்மா; மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் அளவெடுக்கிறவர் என்று சொன்னார்கள். பக்கத்தில் அவருடைய வக்கீல்.

"ரெண்டுமே உங்க ஆய்வகம். ரெண்டுலயும் உங்க பேர். நான் எதை நம்புறது?" என்றார் நீதிபதி.

"முடியை நம்புங்க மேடம். முதல் தடவை நாங்கதான் அதைத் தலைகீழாப் பிடிச்சிருந்தோம்" என்று சொல்லி, செதில் கதையை விளக்கினேன்.

"அது எப்படி ஒரு முடி தானா நகரும்?" என்று கேட்டது அந்தப் பெண். அளவெடுக்கிறவர் குரல், எதையும் இரண்டு முறை பார்த்துதான் ஒத்துக்கொள்கிற குரல். "என் முடில காட்டுங்க. எது வேருன்னு நான் சொல்ல மாட்டேன்."

ஒன்றைப் பிடுங்கி நீட்டினார். வேர்க்குமிழ் தெரியாதபடி இரண்டு முனையையும் கிள்ளிவிட்டிருந்தார், கெட்டிக்காரி. தேய்த்தேன். ஊர்ந்தது. "இந்தப் பக்கம் வேரு" என்றேன். அவர் வாங்கி, தானே தேய்த்துப் பார்த்தார். திருப்பிப் பிடித்துத் தேய்த்தார். வக்கீல் எட்டிப் பார்த்தார். நீதிபதியும் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"சரி" என்றார் அந்தப் பெண். முடியை மேசைமேல் வைத்துவிட்டு அறிக்கையை எடுத்தார். "கடைசி மூணு மாசம் அவர் போடல. ஒத்துக்கிறேன். அப்போ நடுவுல இருக்குறது?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஓட்டுநர், "அது நான்தான்" என்றார்.

வக்கீல் பேனாவை எடுத்தார்.

"ரெண்டு பேர் லீவு. தொடர்ந்து ரெட்டை ஷிப்ட். தூக்கம் வந்துச்சு, போட்டேன். நாலு நாள். அப்புறம் போடல. காரணம் சொல்றேன்னு நினைக்காதீங்க. தூக்கம் எல்லாருக்கும்தான் வருது."

"எப்போ?" என்று அந்தப் பெண் என்னைக் கேட்டார்.

"முடி தேதி சொல்லாதும்மா. ஏழு மாசத்துக்கு முன்னாடி, கொஞ்சம் அப்படி இப்படி."

அவர் விரலை மடக்கி எதையோ எண்ணினார். பிறகு ஓட்டுநர் பக்கம் திரும்பினார். வந்ததிலிருந்து அவரை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

"அவ ஸ்கூல் நாடகம் முடிஞ்ச வாரம். உங்ககிட்ட காட்டணும்னு வேஷத்தோடயே வந்து அந்த ரூம்ல உக்காந்திருந்தா. நீங்க வரல. மறந்துட்டேன்னு போன்ல சொன்னீங்க."

"ஆமா."

"மறந்தீங்களா?"

"வாசல் வரைக்கும் வந்தேன்" என்றார். "கை நடுங்கிட்டிருந்துச்சு. அவ வந்ததும் என் கையைத்தான் பிடிப்பா. திரும்பிப் போயிட்டேன். மறந்துட்டேன்னு சொல்றது சுலபமா இருந்துச்சு."

"அதைப் பெரிசா எழுதிப் புகார் குடுத்தேன் நான். பொறுப்பில்லாதவர், பொண்ணையே மறந்துட்டாருன்னு."

"தெரியும். படிச்சேன்."

வக்கீல், "மேடம், அவரே ஒத்துக்கிட்ட நிலையில இந்த மனுவை..." என்று ஆரம்பித்தார். அந்தப் பெண் அவர் பேனாமேல் கையை வைத்தார். "கொஞ்சம் இருங்க" என்றார். மேசைமேல் கிடந்த தன் முடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆறு மாசமா சுத்தம், நடுவுல நடந்ததையும் மறைக்கல" என்றபடி நீதிபதி அறிக்கையை மூடினார். சனிக்கிழமை காலை முதல் ஞாயிறு மாலை வரை சிறுமி அப்பாவிடம் இருக்கலாம், காவல் வேண்டாம், மூன்று மாதம் கழித்து இன்னொரு சோதனை என்றார். ஓட்டுநர் எழுந்து நிற்பதா உட்காருவதா என்று தெரியாமல் பாதியில் நின்றார்.

வெளியே நடைபாதையில் என் கோப்பைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தேன். அது நுழைய மாட்டேன் என்று அடம்பிடித்தது. நானும் வற்புறுத்தவில்லை. அவர்கள் இரண்டு பேரும் ஜன்னலோரம் நின்றிருந்தார்கள். நடுவில் இன்னொரு ஆள் நிற்கிற இடைவெளி.

"சனிக்கிழமை பத்து மணி. ஒன்பதுக்கே வந்து நிக்காதீங்க, அவ சாப்பிட மாட்டா."

"சரி."

"விளக்கை அணைச்சா தூங்க மாட்டா."

"பாத்ரூம் லைட்டைப் போட்டு வைக்கிறேன்."

"முட்டைல..."

"மஞ்சக்கரு பிடிக்காது. எடுத்துட்டுக் குடுக்குறேன், தெரியும்."

"தெரியாது" என்றார் அவர். "இப்போ மஞ்சக்கரு மட்டும்தான் திங்கிறா. வெள்ளையைத் தட்டுல ஒதுக்கிடுவா."

ஓட்டுநர் தொப்பியைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றினார்.

"வேற என்னெல்லாம் மாறியிருக்கு?"

அந்தப் பெண் கடிகாரத்தைப் பார்த்தார். கடைக்குத் திரும்ப வேண்டிய நேரம் போல. பிறகு சுவரோரம் இருந்த பெஞ்சில் பையை வைத்துவிட்டு, ஓரமாகத் தள்ளி உட்கார்ந்தார்.

"உக்காருங்க. நிறைய இருக்கு."